சால்டர் என்றால் பற்றாசு

கேமிங் லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் திரை 165 ஹெர்ட்ஸா, 240 ஹெர்ட்ஸா (நொடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது) என்று நாள்கணக்கில் அலசுகிறார்கள். ராம் எனும் தற்காலிக நினைவகம் கழற்றி மாட்டக்கூடியதா, உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையான போர்டிலேயே சால்டர் செய்ததா, அதாவது உலோகத்தை உருக்கி ஒட்டியதா என்று கேட்பவர்கள் குறைவு. விவரப் பட்டியலில் இது 'ஆன்போர்டு மெமரி' என்று இரண்டே சொல்லில் கடந்துபோய்விடும். அதனால்தான் சால்டர் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

சால்டர், லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். வேர் 'சோலிடஸ்', அதாவது திடமானது.

தமிழில் இதற்குப் புதுச்சொல் ஆக்கவே வேண்டாம். பொற்கொல்லர்கள் இரண்டு துண்டுகளைச் சேர்க்க இடையில் உருக்கிவிடும் உலோகத்துக்குப் பற்றாசு என்று பெயர். பற்று, ஆசு என்று பிரியும். ஆசுக்குக் குற்றம் என்றும் பொருள் உண்டு. இங்கே அது இணைக்கும் பொருள். யாப்பு படித்தவர்களுக்கு ஆசிடை நேரிசை வெண்பா நினைவுக்கு வரும். நேரிசை வெண்பாவின் முதல் ஏழு சீர் ஒரு குறள்போல நிற்கும், அடுத்து வருவது தனிச்சொல். அந்த ஏழாம் சீர் தனிச்சொல்லோடு ஒட்டாமல் நின்றால், நடுவில் ஓரிரண்டு அசை சேர்த்து ஒட்டவைப்பார்கள். அந்த அசைதான் ஆசு. பட்டறைச் சொல்லைப் புலவர்கள் எவ்வளவு அழகாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்!

பேச்சில் 'ஈயம் வைக்கிறது' என்போம். பழைய கலவையில் வெள்ளீயம் 63, காரீயம் 37 பங்கு. 183 டிகிரி செல்சியஸில் உருகும். மின்னணுக் கருவிகளில் காரீயத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த கட்டுப்பாடு 2006 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபின் காரீயம் பெரும்பாலும் விலகிவிட்டது. இப்போது பரவலாக உள்ள கலவை வெள்ளீயத்தோடு கொஞ்சம் வெள்ளியும் செம்பும். உருக 217 டிகிரிக்கு மேல் வேண்டும். 'பற்றவைப்பு' என்றும் எழுதுகிறார்கள். அது வெல்டிங்குக்குப் பொருந்தும். அங்கே துண்டுகளே உருகிச் சேரும். பற்றாசில் உருகுவது இடையில் வைத்தது மட்டும்.

சரி, லேப்டாப்பின் அடி மூடியைத் திறந்து பாருங்கள். செருகும் ராமாக இருந்தால் இரு பக்கமும் சின்ன கிளிப் இருக்கும். வெளிப்பக்கம் தள்ளினால் ராம் தானே சாய்வாக எழும்பும். உருவிவிட்டுப் பெரியதைச் செருகலாம். பற்றாசிட்ட ராம் என்றால் போர்டில் கறுப்புச் சில்லுகள் தட்டையாகப் படுத்திருக்கும். அவற்றின் அடியில் குட்டிக் குட்டிப் பற்றாசு உருண்டைகள். ஸ்க்ரூடிரைவரால் ஆகிற காரியமில்லை, சூடான காற்றடித்து உருக்கித்தான் எடுக்க வேண்டும். கிராபிக்ஸ் சில்லும் பெரும்பாலும் இப்படித்தான். இதற்கு நியாயமும் உண்டு: சில்லுகள் நெருங்கி இருந்தால் வேகம் கூடும், மின்சாரம் மிச்சமாகும், உடலும் மெலியும். ஆனால் கூடுதலாகச் செருக இடம் இல்லாவிட்டால், 16 ஜிபி வாங்கினால் கடைசிவரை 16 ஜிபிதான். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி பெரும்பாலும் ஒரே ஒரு திருகில் நிற்கும். அதில் கவலை குறைவு.

திரையைப் பற்றாசு பிடித்துவைப்பதில்லை. ஒரு கேபிளில்தான் நிற்கிறது. ஆனாலும் 60 ஹெர்ட்ஸ் திரைக்குப் பெரும்பாலும் 30 முனைக் கேபிளும், அதிவேகத் திரைகள் பலவற்றுக்கு 40 முனைக் கேபிளும் வரும். பேனலை மட்டும் மாற்றினால் போதாது, கேபிளும் போர்டும் ஒத்துப்போக வேண்டும். அதனால் திரையையும் பற்றாசிட்டதுபோலவே நினைத்து, வாங்கும்போதே தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது.