லிப்ட் கிட்: எதை, எதிலிருந்து உயர்த்துவது?

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் கடையொன்றில், "நானா, 89 ஹைலக்ஸ் கெப்புக்கு லிப்ட் கிட் இருக்கா?" என்று கேட்டேன். "பொடிக்கா, ஸ்பிரிங்குக்கா தம்பி?" என்று திருப்பிக் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. கெப் போன்ற வண்டியை உயரமாக்கப் பூட்டும் பாகங்களுக்குத்தான் லிப்ட் கிட் என்று பெயர், பலமுறை வாயில் வந்த சொல்தான். அது எதை, எதிலிருந்து உயர்த்துகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

'லிப்ட்' ஆங்கிலத்துக்குப் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே 'லொப்ட்' என்றால் காற்று, வானம், மேல்மாடி. அதிலிருந்து பிறந்த 'லிப்தா' என்ற வினைக்கு மேலே ஏற்றுவது என்று பொருள். 'கிட்' ஒல்லாந்தர் பக்கத்துச் சொல். பலகைகளை வளையம் போட்டு இறுக்கிச் செய்த மரப்பாத்திரத்துக்குப் பெயர் 'கிட்டெ'. பிறகு அது சிப்பாயின் மூட்டைக்கும் அதிலுள்ள சாமான்களுக்கும் பெயராகி, கடைசியில் ஒரு வேலைக்குத் தேவையான பாகங்கள் எல்லாவற்றையும் சேர்த்துக் குறிக்கும் சொல்லானது. (நம் ஊர்க் கராஜில் கைதேர்ந்தவரை 'பாஸ்' என்கிறோமே, அதுவும் ஒல்லாந்துச் சொல்தான்.)

இந்த 'எல்லாவற்றையும் சேர்த்து' என்பதை விட்டுவிடக்கூடாது. முன்பு ஒரு கடையில் எனக்கு லிப்ட் கிட் என்று தந்தது இரண்டு இரும்புக் கட்டைகளும் நான்கு யூ போல்ட்டும் மட்டுமே. பின் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் கட்டையை வைத்து இறுக்கினார்கள், கெப் உயர்ந்தது. ஆனால் பழைய ஷொக் அப்சோபருக்கு நீளம் போதவில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பிரேக் ஹோஸ் விறைத்து இழுபட்டது. நீளமான ஷொக்கும் நீளமான ஹோஸும் சேர்ந்து வந்திருந்தால்தான் அது கிட். முன் அச்சில் அப்படிக் கட்டை வைக்கவே கூடாது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் தரும் விசையில் அது நழுவினால் வண்டி கைவிட்டுப் போய்விடும்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? மின்தூக்கி, பாரந்தூக்கி என்று 'தூக்கி' நமக்குப் பழக்கம். எனக்கு அது இங்கே பொருந்துவதாகப் படவில்லை. தூக்கியது மறுபடி இறங்கும். ஜக் அடித்துக் கெப்பைத் தூக்குகிறோம், டயர் மாற்றியதும் இறக்குகிறோம். மதிலை உயர்த்திக் கட்டினான் என்போம், தூக்கிக் கட்டினான் என்று சொல்வதில்லை. உயர்த்தினால் அந்த உயரம் நிற்கும். ஆகவே லிப்ட் கிட்டுக்கு 'உயர்த்தித் தொகுதி' என்பதே என் தெரிவு. தொகு என்ற வினையிலிருந்து வந்த 'தொகுதி' கிட்டின் பொருளைச் சரியாகத் தாங்குகிறது.

கடைக்காரர் கேட்ட கேள்விக்கு இன்னும் இரண்டு சொற்கள் வேண்டும். பொடி லிப்ட் என்பது 'உடலுயர்த்தி'. வண்டியின் அடிச்சட்டமான சஸியிலிருந்து பொடியை மட்டும் உயர்த்துகிறது. பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், ஆனால் சஸி இருந்த உயரத்திலேயே இருக்கும். மற்றது 'வில்லுயர்த்தி'. ஸ்பிரிங்குக்குத் தமிழில் புதிதாகச் சொல் தேட வேண்டியதில்லை, வில்லுவண்டி ஓடிய காலத்திலேயே அது 'வில்' ஆகிவிட்டது. வில்லுயர்த்தி அச்சிலிருந்து சஸியை உயர்த்துகிறது. அப்போதும் அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். அச்சில் புடைத்து நின்று கல்லில் முதலில் இடிக்கிற பற்சக்கரப் பெட்டியான டிஃபரென்ஷியலை உயர்த்துவது டயர் மட்டும்தான். 29 அங்குல டயரைக் கழற்றி 31 அங்குலம் போட்டால், கூடிய இரண்டு அங்குலத்தில் பாதியான ஒரு அங்குலம் அங்கே கிடைக்கும்.

பழைய கெப் என்றால் வேறொன்றையும் பார்க்க வேண்டும். என் ஹைலக்ஸில் முன்னும் பின்னும் பட்டை வில்தான் (லீஃப் ஸ்பிரிங்). முப்பது வருடத்துக்கு மேல் பாரம் சுமந்து அவற்றின் வளைவு தட்டையாகிவிட்டது. புதிய வில் போட்டாலே இழந்த உயரம் திரும்பிவிடும், அது உயர்த்தல் ஆகாது. அப்புறம் இரண்டு அங்குலம் கூட்டினால் எனக்குப் போதும். வில்லின் நுனியைத் தொங்கவிடும் ஷெக்கலை நீட்டி உயர்த்துவது மலிவான வழி, ஆனால் இரண்டு அங்குலம் நீட்டினால் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுதான். முன்பக்கத்தில் அப்படிச் செய்தால் ஸ்டியரிங்கின் கோணமும் மாறும்.

பழைய மிட்சுபிஷி எல்200 போன்றவற்றில் முன்னால் பட்டை வில் கிடையாது, முறுக்குத் தண்டு (டோர்ஷன் பார்) இருக்கும். முறுகி மீள்வதால் அதுவும் வில்தான், வில்லுயர்த்தி என்ற சொல் அங்கேயும் நிற்கும். ஆனால் அதன் போல்ட்டை ஸ்பானரால் இறுக்கி உயர்த்துவதைத் தொகுதி என்று சொல்ல முடியாது. அளவுக்கு மீறி இறுக்கினால் முன் அச்சுத் தண்டின் மூட்டுகள் அளவுக்கு மேல் சாய்ந்து, அவற்றை மூடியிருக்கும் ரப்பர் உறைகள் சீக்கிரம் கிழியும்.