பேலன்ஸ்: மீதியா, சமநிலையா, ஒப்பேற்றலா?

‘ஒர்க் லைஃப் பேலன்ஸ்’ என்ற தொடர் மாதச் சம்பளக்காரர்களின் பேச்சில்தான் முதலில் அடிபட்டது. இப்போது திருநெல்வேலிப் பக்கத்துச் சிறு வியாபாரிகள் வரை வந்துவிட்டது. வணிகர் சங்கக் கூட்டத்துக்குப் பேச வருகிறவர் சொல்கிறார், செல்போனில் ஓடும் குட்டி வீடியோ சொல்கிறது, வங்கிக்கடன் பயிற்சி வகுப்பிலும் ஒரு மணி நேரம் அதற்கென்று ஒதுக்குகிறார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் ‘பணி–வாழ்வுச் சமநிலை’ என்று பெயர்க்கிறார்கள். பெயர்ப்பில் பிழை சொல்ல முடியாது. ஆனால் பேலன்ஸ் என்ற சொல் நெல்லைக் கடைகளில் ஏற்கெனவே குடியிருக்கிறது, வேறு வேலை பார்த்துக்கொண்டு.

‘பேலன்ஸ் வாங்காமப் போறீங்களே’ என்றால் மீதிச் சில்லறை. ‘அக்கவுண்ட்ல பேலன்ஸ் இல்ல’ என்றால் இருப்பு. ‘அவர்கிட்ட போன மாசத்துப் பேலன்ஸ் நிக்கு’ என்றால் நிலுவை. இன்னும் பழகிய சொல் பாக்கி, அது அரபியிலிருந்து உருது வழியாக வந்தது. பைக்கில் பேலன்ஸ் தப்பினால் மட்டும்தான் நாம் தேடும் சமநிலை. ஆக, கடைக்காரர் காதில் இந்தச் சொல் ஒரு நாளில் நூறு தடவை விழுந்தால், தொண்ணூறு தடவைக்கு மேல் ‘கொடுத்ததுபோக மிஞ்சியது’ என்ற பொருளில்தான் விழும்.

மூலத்தில் அது தராசுதான். லத்தீனில் ‘பி’ என்றால் இரண்டு, ‘லாங்க்ஸ்’ என்றால் தட்டு. இரண்டு தட்டு உடையது ‘பிலாங்க்ஸ்’. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் பேலன்ஸ் ஆயிற்று. வரவு, செலவு என்று இரண்டு பக்கம் எழுதி, இரண்டையும் நேராக்க எவ்வளவு வேண்டும் என்று பார்க்கிற வழக்கத்தில், அந்த வித்தியாசத் தொகைக்கும் பேலன்ஸ் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. சில்லறைக்கும் தராசுக்கும் ஒரே பெயர் வந்த கதை இவ்வளவுதான்.

நாம் தமிழ் என்று நினைக்கிற தராசும் வெளியூர்க்காரர்தான். பாரசீகத் ‘தராஸூ’ இங்கே வந்து தராசு ஆனது. அதற்கு முன்பே இங்கே நிறைகோல், துலாக்கோல், வெறுமனே கோல் என்றெல்லாம் பெயர் இருந்தன (துலா வடமொழியிலும் உண்டு). புறநானூற்றின் 6ஆம் பாட்டு ‘தெரிகோல் ஞமன்’ என்கிறது. ஞமன் என்பது துலாக்கோலின் நாவு, இன்றைக்குக் கடையில் முள் என்கிறோமே அது. இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று காட்டிக்கொடுப்பதற்கென்றே ஒரு சொல் வைத்திருந்தார்கள்.

குறள் 118 எல்லோருக்கும் தெரிந்ததுதான்: ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி.’ இதில் இரண்டு வினை இருப்பதை வேகமாகப் படிக்கிறவர்கள் தவறவிடுவார்கள். முதலில் சமன்செய்தல், பிறகு சீர்தூக்குதல். பரிமேலழகர் உரையும் கோல் முன்னே தான் சமனாக நிற்கும், பின்னே தன்மேல் வைத்த பாரத்தை வரையறுக்கும் என்றே போகிறது. வெறுந்தட்டு நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பொருளை வைக்க வேண்டும். மேசைத் தராசு வைத்திருந்த காலத்தில் தட்டுக்கு அடியில் புளி ஒட்டியிருக்கிறதா என்று ஆச்சிமார் எட்டிப் பார்த்ததும் இதற்குத்தான். எலக்ட்ரானிக் தராசில் இந்தச் சமன்செய்தலுக்கு ஒரு பொத்தானே இருக்கிறது. பாத்திரத்தை வைத்து ‘டேர்’ அமுக்கினால் எண் பூஜ்யத்துக்கு வரும், அப்புறம் எண்ணெயை ஊற்றலாம். டேர் என்பதும் அரபிச் சொல்லில் கிளம்பி வந்தது, ‘கழித்துவிடுவது’ என்று பொருள்.

சரி, பேலன்ஸ் கதை இது. மற்ற இரண்டு சொற்கள் என்ன செய்கின்றன?

ஒர்க் ஒருபுறம், லைஃப் மறுபுறம் என்று பிரிக்கும் எண்ணம் கூலிக்கு உழைத்தவர்களின் போராட்டத்தில் வந்தது. பிரிட்டிஷ் சீர்திருத்தவாதி ராபர்ட் ஓவன் 1817இல் எட்டு மணி உழைப்பு, எட்டு மணி பொழுதுபோக்கு, எட்டு மணி ஓய்வு என்று கேட்டார். நம் சீமைக்கும் இதில் பங்கு உண்டு. 1908 பிப்ரவரி 27ஆம் தேதி தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். தூத்துக்குடி அன்றைக்குத் திருநெல்வேலி ஜில்லா. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள். கூலி உயர்வோடு ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது. ‘லீவு’ என்பது இந்த மண்ணில் கேட்டு வாங்கிய பொருள்.

மில்லுக்குச் சங்கு ஊதினால் வேலை முடிந்தது. கடைக்கு யார் சங்கு ஊதுவார்? 1947இல் வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டம் ஓரளவு ஊதியது. வாரத்தில் ஒரு நாள் கடையை முழுக்க அடைக்க வேண்டும், எந்த நாள் என்று கண்ணில் படுகிற இடத்தில் எழுதி மாட்ட வேண்டும், ஊழியருக்கு நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்றது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள் எல்லா நாளும் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019இல் அரசாணை வந்தது. தராசுக்கு முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதும், இந்த விடுமுறைச் சட்டத்தைப் பார்ப்பதும் தமிழ்நாட்டில் ஒரே தொழிலாளர் துறைதான் என்பது வேடிக்கையான பொருத்தம். ஆனால் சட்டம் பேசுவது ஊழியரைப் பற்றி. முதலாளி எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருந்தார் என்று அது கேட்காது. முதலாளியோடு வாழ்ந்து அவரைச் சார்ந்திருக்கும் மனைவி, மகன், தகப்பனார் முதலியோரும் அதன் கணக்கில் ஊழியர் இல்லை. தெருமுக்குக் கடைகளில் வேலை பார்ப்பதே அவர்கள்தானே!

அந்தக் கடையைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். பாளையங்கோட்டையில் முன்னால் கடை, பின்னால் வீடு என்று எத்தனையோ பலசரக்குக் கடைகள் உண்டு (மளிகைக் கடை என்று இங்கே ஊர்ப்பேச்சில் அதிகம் சொல்வதில்லை). விடியுமுன் பால் பாக்கெட்டுக்குத் திறக்க வேண்டும். மத்தியானம் ஆள் குறையும் நேரம் பார்த்து, கடைக்கும் அடுக்களைக்கும் நடுவில் இருக்கும் நடையில் ஸ்டூலைப் போட்டு, கல்லாவில் ஒரு கண் வைத்தபடியே சாப்பாடு. அப்போது ஒருவர் வருவார். ‘நீங்க சாப்புடுங்க அண்ணாச்சி, ஒண்ணும் அவசரமில்ல. கால் கிலோ உளுந்து மட்டும் போட்டுத் தந்துருங்க.’ அண்ணாச்சி கையைக் கழுவி உளுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து உட்காரும்போது சோறு ஆறியிருக்கும். ராத்திரி கதவை அடைத்த பிறகு வாட்ஸ்அப்பில் நாளைக்கு வேண்டிய சாமான் பட்டியல் வரும். பணம் வந்ததைச் சொல்லும் ஒலிபெருக்கிப் பெட்டியைச் சார்ஜ் போட வீட்டுக்குள் கொண்டுபோனால், பழைய பற்றுப் பாக்கியை யாராவது அனுப்பும்போது அது படுக்கையறையிலிருந்து கூவும்.

இவரிடம் போய் ‘ஒர்க் லைஃப் பேலன்ஸ் வேணும்’ என்றால் அவர் காதில் எது விழும்? கடைக்குக் கொடுத்ததுபோக மிஞ்சுவது வீட்டுக்கு. அப்படித்தான் நடக்கவும் செய்கிறது. பேலன்ஸை மீதி என்று கேட்டது அவருடைய தவறில்லை, அவர் வாழ்க்கைக்கு அதுதான் சரியான மொழிபெயர்ப்பு.

வேலையையும் வாழ்வையும் பிரிக்காத சொல் ஒன்று நம்மிடம் உண்டு: பிழைப்பு. பிழைத்தல் என்றால் உயிர் தப்பி வாழ்தல். அதே சொல்தான் தொழிலுக்கும். ‘பொழப்பு எப்படிப் போகுது?’ என்றால் வியாபாரத்தையும் விசாரிக்கிறோம், ஆளையும் விசாரிக்கிறோம். நெல்லையில் சோலி என்ற சொல்லும் ஓடும். தெலுங்கில் ஜோலி என்று கிட்டத்தட்ட இதே பொருளில் உண்டு. ‘உம்ம சோலியப் பாரும்வே’ என்பதில் சோலி வேலையும் ஆகலாம், சொந்த விவகாரமும் ஆகலாம். இந்தச் சொற்களைக் கொண்டாட எனக்கு மனமில்லை. ஒரே சொல்லுக்குள் இரண்டையும் வைத்திருப்பவர், ஒன்று மற்றதைத் தின்பதைக் கவனிக்க மாட்டார். கூப்பிடும் சொல்லுக்கே அது நடந்திருக்கிறது. அண்ணாச்சி என்பது தென்பாண்டிச் சீமையில் மூத்தவரை மரியாதையாகக் கூப்பிடும் உறவுச்சொல். சென்னைக்குப் போனதும் ‘அண்ணாச்சி கடை’ என்றாகி, அண்ணாச்சி என்றாலே பலசரக்குக் கடைக்காரர் என்று பொருள் சுருங்கிவிட்டது. வீட்டுச் சொல்லையும் கடை எடுத்துக்கொண்டது.

அப்படியானால் இவர்கள் லீவே விடுவதில்லையா? விடுகிறார்கள், சாமிக்கு. பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார், ஊரில் சுடலைமாடனுக்கோ அம்மனுக்கோ கொடை. சென்னையிலோ கோவையிலோ கடை வைத்திருக்கும் நெல்லைக்காரர் ஷட்டரில் ‘கோயில் கொடை விழாவை முன்னிட்டு 3 நாள் கடை விடுமுறை’ என்று எழுதி ஒட்டிவிட்டு ரயிலேறுவார். வாடிக்கையாளர் ஒருவரும் கோபப்பட மாட்டார். ‘ஓய்வுக்காக விடுமுறை’ என்று எழுதி ஒட்டிய கடையை இதுவரை நான் பார்த்ததில்லை. நேரக்கட்டுப்பாட்டுக்கு எடுத்துக்காட்டாக எல்லோரும் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடையைச் சொல்வார்கள். மாலையில்தான் திறக்கும், அல்வா தீர்ந்ததும் அடைத்துவிடும். அல்வாவுக்கு ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள், கடுகுக்கு நிற்பார்களா? அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். பலசரக்குக் கடைக்காரரிடம் அந்த உதாரணத்தைச் சொல்லிப் பயனில்லை.

கணக்குப் புத்தகத்தில் ஒரு சொல் இருக்கிறது, அது உதவும். பேலன்ஸ் ஷீட்டைப் பழைய வியாபாரிகள் ஐந்தொகை என்றார்கள். பள்ளிக்கூடப் பாடநூல் இப்போது இருப்புநிலைக் குறிப்பு என்கிறது. அந்தப் பாடத்தின் அடிப்படையே கடை வேறு, கடைக்காரர் வேறு என்பதுதான். உரிமையாளர் சொந்தச் செலவுக்குக் கடையிலிருந்து எடுக்கும் பணமும் சாமானும் ‘எடுப்புகள்’ என்று தனித் தலைப்பில் போகும். வீட்டிலிருந்து கடைக்குப் போட்டால் ‘முதல்’. பெரும்பாலான சின்னக் கடைகளில் இந்த எடுப்பு எழுதப்படுவதில்லை. வீட்டுக்கு அரிசி வேண்டுமென்றால் மூட்டையிலிருந்து அள்ளுகிறார்கள், பிள்ளைக்கு ஃபீஸ் கட்டக் கல்லாவிலிருந்து எடுக்கிறார்கள். மாசக் கடைசியில் லாபமா நஷ்டமா என்றே தெரியாது. தெரியாததால் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துத் திறந்து வைக்கிறார்கள். நேரப் பஞ்சத்துக்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குக் குழப்பம் என்பது என் எண்ணம். எடுப்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கி எழுதிப் பார்த்தால், ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வரும் வியாபாரம் கரண்ட் பில்லுக்காவது கட்டுமா என்பது தெரியவரும். குறள் சொல்லும் சமன்செய்தல் இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இனி, எந்தச் சொல்லை வைத்துக்கொள்வது? மாதச் சம்பளக்காரருக்குப் ‘பணி–வாழ்வுச் சமநிலை’ போதும். அவருக்குப் பணி என்று தனியே ஒன்று, நேரம் குறித்து, இருக்கிறது. கடைக்காரருக்குச் சமநிலை என்ற நிலை ஒருநாளும் வராது. தீபாவளி வாரத்தில் கடை கனக்கும், வீட்டில் பிரசவம் என்றால் வீடு கனக்கும். நிலையைக் குறிக்கும் பெயரைவிட, திரும்பத் திரும்பச் செய்வதைக் குறிக்கும் ‘சீர்தூக்கல்’ அவருக்குப் பொருந்தும். எழுத்தில் ‘வீடு–கடைச் சீர்தூக்கல்’ என்று எழுதலாம்.

பேச்சில் ஒரு சொல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. எப்படிச் சமாளிக்கிறீங்க என்று கேட்டுப் பாருங்கள், ‘என்னத்தச் சொல்ல, எப்படியோ ஒப்பேத்திட்டுப் போறேன்’ என்பார்கள். ஒப்பேற்றுதல்: ஒப்பு, ஏற்று. ஒப்பு என்றால் சமம். சொல்லின் உள்ளே சமன்செய்தல் இருக்கிறது. ஆனால் வழக்கில் ‘அரைகுறையாக ஒப்புக்குச் செய்து முடிப்பது’ என்று கீழே இறங்கிவிட்டது. அகராதியில் ஒர்க் லைஃப் பேலன்ஸுக்கு நேரே இதைப் போட்டால் தமிழாசிரியர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கடைக்காரர்களுக்கான பயிற்சித் தாளில் நான் இதைத்தான் போடுவேன், பக்கத்தில் எடுப்புப் பக்கத்துக்கு ஒரு மாதிரிக் கட்டமும் வரைந்து: தேதி, சாமான், ரூபாய், கடைசியில் ‘நேரம்’ என்று கூடுதலாக ஒரு பத்தி.