மிகையா, மாற்று ஆயத்தமா?

வலையமைப்பு வெளியோடு தொடர்புகொள்ளும் வாசல்தான் ‘கேட்வே’. அது பழுதானால் இடம்பிடிக்க இன்னொன்றை வைத்திருப்பது ‘கேட்வே ரிடன்டன்சி’. அதை ‘நுழைவாயில் மிகைமை’ என்று எழுதும் வழக்கம் வலையமைப்புக் குறிப்புகளில் வேரூன்றிவிட்டது. இது தவறான சொல்.

இலத்தீனில் ‘உண்டா’ என்றால் அலை. கரைமீறி வழிவதுதான் ரிடன்டன்சியின் வேர்ப்பொருள். அதற்கு ‘மிகை’ பொருந்தும். பொறியியலிலோ அது, ஒன்று விழுந்தால் இடத்தைப் பிடிக்க மற்றொன்று ஆயத்தமாக நிற்பது. தமிழில் மிகை என்றாலே வேண்டாதது என்ற வாடை வரும். நன்னூல் ‘மிகைபடக் கூறல்’ என்பதைப் பத்துக் குற்றங்களுள் வைக்கிறது. திருகோணமலையில் எஞ்சின் பூட்டிய வள்ளத்திலும் துடுப்பு ஏற்றுவார்கள். அந்தத் துடுப்பை எவரும் மிகை என்பதில்லை.

வாசலாக நிற்கும் இரண்டு ஆளிகளை (ஸ்விட்ச்) எடுத்துக்கொள்வோம். ஒன்றின் முகவரி 192.168.10.2, மற்றதினது 192.168.10.3. கணினிகளுக்குக் கொடுப்பது இரண்டுக்கும் பொதுவான 192.168.10.1 என்ற மெய்நிகர் முகவரியை மட்டுமே. இதற்கான சிஸ்கோ நெறிமுறையான எச்.எஸ்.ஆர்.பி.யில் முதல் ஆளி இயல்பாக 3 வினாடிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சொல்லும் ‘ஹலோ’ செய்தியை அனுப்பும். 10 வினாடி சத்தம் இல்லையென்றால் இரண்டாவது ஆளி அந்த ஐ.பி. முகவரியையும் மெய்நிகர் மேக் (வன்பொருள்) முகவரியையும் சேர்த்து ஏற்றுக்கொள்ளும். கணினிகளில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் ஆளியின் நெற்றியில் ‘மிகை’ என்று ஒட்டினால், மேல்மாடிக்கு ஒன்று தேவைப்படும் நாளில் அதைத்தான் கழற்றுவார்கள். அன்று ஒன்றும் தெரியாது. முதல் ஆளி விழும்போதுதான் தெரியும்.

ஆயத்தம் என்ற சொல் இன்னொன்றையும் கேட்க வைக்கிறது: உண்மையிலேயே ஆயத்தமா? எந்த ஆளி பொறுப்பேற்பது என்பதை முன்னுரிமை எண் தீர்மானிக்கும்; கூடியது வெல்லும். முதல் ஆளியின் முன்னுரிமை 110, இரண்டாவதினது இயல்பான 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளி இணைப்பு அறுந்தால், அதைக் கண்காணிக்கும் ‘ட்ராக்’ வசதி முதல் ஆளியின் முன்னுரிமையில் இயல்பாகக் குறைப்பது 10 மட்டுமே. 100க்கு 100 சமம். இரண்டாவது இடம்பிடிக்காது, போக்குவரத்து முட்டுச்சந்தில் நிற்கும். 20 குறையும்படி வைத்து, இரண்டாவதில், முன்னுரிமை கூடினால் இடத்தைப் பறிக்கச் சொல்லும் ‘பிரீஎம்ப்ட்’ கட்டளையையும் இட வேண்டும்.

‘நுழை’யும் வேண்டாம். தரவுப் பொதிகள் அங்கே வெளியேறவும் செய்கின்றன. ‘இல்வாய்’ (இல்லத்தின் வாய்) என்பது முறைமாறி வந்த ‘வாயில்’ இரு திசைக்கும் போதும். அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடும் மொழிபெயர்ப்பாளர்கள் ஒருமுறை ஆளி அறைக்குள் போய்ப் பார்க்கட்டும். வாயில் மாற்று ஆயத்தம் என்றே எழுதுவோம். ஆளியில் ஒட்டும் தாளில்: ‘மாற்று ஆயத்த ஆளி. கழற்ற வேண்டாம்.’