புரோபயாடிக்: எதிர்ச்சொல்லாகப் பிறந்து தீவன மூட்டையில் வளர்ந்த சொல்

பன்றிக்குட்டிகளுக்கான தீவனச் சேர்க்கைகளின் விளம்பரங்களில் புரோபயாடிக், ப்ரீபயாடிக், போஸ்ட்பயாடிக், ஃபைட்டோபயாடிக் என்று ஒரே வாலுள்ள சொற்கள் வரிசைகட்டி நிற்கின்றன. எல்லாவற்றின் மேலும் ‘இயற்கையானது, ஆன்டிபயாடிக்குக்கு மாற்று’ என்ற முத்திரை. வால் ஒன்று என்பதால் வேலையும் ஒன்றுதான் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. இவற்றுள் மூத்த சொல் புரோபயாடிக்: நன்மைக்காகக் கொடுக்கப்படும் உயிருள்ள நுண்ணுயிர். அதன் கதை தெரிந்தால் மற்றவற்றின் தகுதியும் தெரிந்துவிடும்.

‘பயாடிக்’ என்ற பகுதி, உயிர் அல்லது வாழ்வு என்று பொருள்படும் ‘பயோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ‘ஆன்டி’ என்பதும் கிரேக்கமே. எதிர் என்று பொருள். ‘புரோ’ மட்டும் இங்கே இலத்தீன். சார்பாக, ஆதரவாக என்று பொருள் தரும். கிரேக்கத்திலும் ஒரு ‘புரோ’ உண்டு, ஆனால் அதற்கு ‘முன்’ என்பதே முதற்பொருள். ஆகவே புரோபயாடிக் இருமொழிக் கலப்பு. சொல்லியல் தூய்மை பேசுவோர் முகம் சுளிக்கலாம். அறிவியல் கலைச்சொற்களில் இத்தகைய கலப்பு ஏராளம்.

ஆன்டிபயாடிக் என்ற சொல்லை இன்றைய பொருளில் நிலைநிறுத்தியவர் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மன். 1940களில் அது ஊரறிந்த சொல்லாயிற்று. அதற்கு எதிரிணையாகத்தான் புரோபயாடிக் முளைத்தது. 1954ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஃபெர்டினாண்ட் வெர்கின், ஆன்டிபயாடிக்குகள் குடல் நுண்ணுயிர்களுக்குச் செய்யும் கேட்டையும், நன்மை செய்யும் பொருள்களையும் எதிரெதிரே வைத்து எழுதியபோது இச்சொல்லைக் கையாண்டார். 1965இல் லில்லி, ஸ்டில்வெல் என்ற இருவர், ஒரு நுண்ணுயிர் சுரந்து மற்றொன்றின் வளர்ச்சியைத் தூண்டுகிற பொருளுக்கு அதே பெயரைச் சூட்டினார்கள். இந்த இரண்டு இடங்களிலும் பெயர் பெற்றது ‘பொருள்’தான், உயிருள்ள நுண்ணுயிர் அன்று.

சொல்லைக் கால்நடைத் தீவனத்துக்குள் கொண்டுவந்தவர் பார்க்கர். குடல் நுண்ணுயிர்ச் சமநிலைக்கு உதவும் உயிரிகளும் பொருள்களும் புரோபயாடிக் என்று 1974இல் அவர் வரையறுத்தார். ‘பொருள்களும்’ என்ற ஒரு சொல் வாசலை அகலத் திறந்துவிட்டது. அந்த வரையறையின்படி ஆன்டிபயாடிக்கே புரோபயாடிக் என்று வாதிடலாம். 1989இல் ஃபுல்லர் அந்த வாசலை அடைத்தார். குடல் நுண்ணுயிர்ச் சமநிலையை மேம்படுத்தி, உண்ணும் விலங்குக்கு நன்மை தரும் ‘உயிருள்ள’ நுண்ணுயிர்த் தீவனச் சேர்க்கை என்பது அவர் வரையறை. மருந்துக் கடையிலும் தயிர்க் கிண்ணத்திலும் இன்று புழங்கும் இந்தச் சொல்லின் வரையறை ஒரு காலத்தில் தீவனச் சேர்க்கை என்றே எழுதப்பட்டிருந்தது என்பதைப் பலர் அறியார். 2001இல் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய வல்லுநர் குழு, ‘போதிய அளவில் கொடுக்கப்படும்போது’ என்ற நிபந்தனையைச் சேர்த்து அதை மனிதருக்கும் பொதுவாக்கியது.

தீவனத்தில் இந்தச் சொல்லுக்கு ஏன் இவ்வளவு தேவை? சிறிதளவு ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்தால் விலங்குகள் வேகமாக வளர்கின்றன என்பது 1950ஐ ஒட்டித் தெரியவந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் அது பண்ணைகளின் வழக்கமானது. மருந்துக்கு அடங்காத நுண்ணுயிர்கள் பெருகியதும் எதிர்ப்பு கிளம்பியது. வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஸ்வீடன் 1986இல் தடை செய்தது, ஐரோப்பிய ஒன்றியம் முழுமையாக 2006இல் தடை செய்தது. கழிச்சலை அடக்க அங்கே பெருமளவில் கலந்துவந்த துத்தநாக ஆக்சைடும் 2022இல் அந்தப் பயன்பாட்டை இழந்தது.

இதில் மிகவும் தவித்தது பால் மறக்கும் பருவத்துக் குட்டி. இயற்கையில் பன்றிக்குட்டி மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் தாய்ப்பாலை விடும். பண்ணையில் மூன்று நான்கு வாரத்தில் ஒரே நாளில் பிரித்துவிடுகிறார்கள். பாலின் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கி வயிற்றைப் புளிப்பாக வைத்திருந்த நுண்ணுயிர்கள் குறைகின்றன. வயிறு தானே போதிய அமிலம் சுரக்க இன்னும் பழகவில்லை. பாலோடு வந்த எதிர்ப்பொருள்களும் நின்றுபோகின்றன. அறிமுகமில்லாத குட்டிகளோடு அடைக்கப்பட்டு, தீவனத்தைத் தொடாமல் கிடக்கும் அந்த ஓரிரு நாளில், சத்தை உறிஞ்சும் விரல்போன்ற குடலுறிஞ்சிகள் குட்டையாகின்றன. குடற்சுவரில் ஒட்டிக்கொள்ள எஃப்4, எஃப்18 போன்ற நுண்ணிழைகள் கொண்ட ஈ.கோலை என்ற பாக்டீரியா இந்த நேரத்தில் பற்றிக்கொள்கிறது. கழிச்சல் தொடங்குகிறது.

புரோபயாடிக் இங்கே கொல்லவரும் மருந்து அன்று, இடம்பிடிக்க வரும் குடியேறி. நோய்க்கிருமி ஒட்டும் இடத்தையும் உண்ணும் உணவையும் அது முந்திக்கொள்கிறது, அமிலம் சுரக்கிறது, குடலின் நோயெதிர்ப்பைத் தட்டியெழுப்புகிறது. ஆகவே கழிச்சல் வந்தபின் கொட்டுவதைவிட, பால் மறப்பதற்கு முன்பே தொடங்குவது பொருந்தும். தாய்ப்பன்றிக்கே கொடுத்து அதன் சாணம் வழியாகக் குட்டிக்குப் போய்ச் சேர விடுவதும் ஒரு முறை. லாக்டோபேசில்லஸ் வகைப் பாக்டீரியாக்கள் குருணைத் தீவனம் செய்யும் சூட்டில் எளிதில் மடியும். பேசில்லஸ் சப்டிலிஸ் போன்றவை உறைவித்துகளாக, அதாவது கடின உறைக்குள் உறங்கும் நிலையில், அந்தச் சூட்டைத் தாங்கும். பலன் பண்ணைக்குப் பண்ணை மாறும். எந்த நுண்ணுயிர் இனத்தின் எந்தத் திரிபு (உள்வகை) என்பதைப் பொறுத்தும் மாறும். அழுக்குக் கொட்டிலை எந்த மூட்டையும் ஈடுசெய்யாது.

இனித் தமிழ்ச் சொல். ஆன்டிபயாடிக்குக்கு ‘நுண்ணுயிர்க்கொல்லி’ என்று எழுதுகிறோம். ஆனால் பன்றித் தீவனத்தில் நெடுங்காலம் கலக்கப்பட்ட டெட்ராசைக்ளின் வகைகள் பெரும்பாலும் கொல்வதில்லை, பெருக்கத்தைத் தடுத்து நிறுத்துகின்றன. ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ இதைவிடச் சரி. இதன் அச்சில் புரோபயாடிக்கை ‘உயிர்ச்சார்பி’ என்று வார்த்தால் மூலச்சொல்லின் பிழை தமிழிலும் தொற்றிக்கொள்ளும். இரண்டும் எதிரெதிர்ப் பொருள்கள் அல்ல. ஒன்று வேதிப்பொருள், மற்றது உயிரி. ‘நல்ல பாக்டீரியா’ என்ற வழக்கும் போதாது. இப்பணிக்குத் தரப்படும் ஈஸ்ட், பாக்டீரியா அன்று.

நல் + நுண்ணுயிரி சேர்ந்து ‘நன்னுண்ணுயிரி’ ஆகும், நன்னீர், நன்னாள் போல. உயிர் என்ற பொருளும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. குறை ஒன்றுதான்: குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல நுண்ணுயிர்களையும் இது குறிக்கும், புரோபயாடிக் என்பதோ கொடுக்கப்படுவது. எனவே மூட்டையின் மேல் எழுதுவதற்கு ‘நன்னுண்ணுயிரி ஊட்டம்’ என்பதே என் பரிந்துரை. ஊட்டம் என்பதைச் சேர்ப்பது என் பிடிவாதம் மட்டும் அன்று. அமெரிக்க ஒழுங்குமுறையில் தீவனத்தில் இதற்குப் பெயர், நேரடியாக ஊட்டப்படும் நுண்ணுயிரி. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இதைக் குடல் நுண்ணுயிர்களை நிலைப்படுத்தும் சேர்க்கை என்ற வகையில் வைத்திருக்கிறது. இரண்டு பெயரிலும் ‘நன்மை’ என்ற விளம்பரச் சாயம் இல்லை.

உடன்பிறந்த சொற்களுக்கு அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. ப்ரீபயாடிக், 1995இல் கிப்சனும் ராபர்ஃப்ராய்டும் தந்த சொல். இனுலின் என்ற நார்ச்சத்தைப் போலக் குட்டியால் செரிக்க முடியாத, நன்னுண்ணுயிர்கள் உண்ணக்கூடிய பொருள். ‘நன்னுண்ணுயிரி உணவு’ என்றால் முடிந்தது. (உயிரின் தோற்றத்தை ஆராய்வோர் இதே சொல்லை ‘உயிர் தோன்றுவதற்கு முன்பான’ என்ற பொருளில் வழங்குவது தனிக் குழப்பம்.) போஸ்ட்பயாடிக், உயிரற்ற நுண்ணுயிர்களையோ அவற்றின் கூறுகளையோ கொண்ட தயாரிப்பு.

ஃபைட்டோபயாடிக்கில்தான் எனக்கு மனத்தாங்கல். ‘ஃபைட்டோன்’ கிரேக்கத்தில் செடி. ஓரிகானோவின் கார்வக்ரோல், தைம் செடியின் தைமால், இலவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு ஆகியவை இதில் அடங்கும். செரிமானச் சுரப்பைத் தூண்டுவது, அழற்சியைத் தணிப்பது என்று இவற்றுக்கு வேறு வேலைகளும் சொல்லப்படுகின்றன. என்றாலும் கார்வக்ரோலும் தைமாலும் பாக்டீரியாவின் உறையைச் சிதைப்பவை. வேலையைப் பார்த்தால் புரோபயாடிக்கின் தம்பி என்பதைவிட ஆன்டிபயாடிக்கின் ஒன்றுவிட்ட உறவு. அளவு மிஞ்சினால் காரநெடியால் குட்டி தீவனத்தையே ஒதுக்கவும் கூடும். அதனால் தமிழில் இதற்கு ‘உயிர்’ ஒட்டிய சொல் எதுவும் வேண்டாம். ‘செடிச்சாறுச் சேர்க்கை’ என்று எழுதி, எந்தச் செடி, எவ்வளவு என்று பக்கத்தில் போட்டால் போதும்.