செய்தியில் யாரைப் பேசவிட்டார்கள்?

தென்னாப்பிரிக்காவில் 2021 ஜூலை கலவரத்தில், டர்பனுக்கு வடக்கே இந்திய வம்சாவளியினர் அதிகம் வாழும் பீனிக்ஸில் 36 பேர் கொல்லப்பட்டதாகக் காவல்துறை அமைச்சர் அறிவித்தார். அதைப் பற்றிய பழைய செய்தி ஒன்றை எடுத்து, யார் யாரைப் பேசவிட்டிருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். தெருமுனையில் தடுப்பு போட்டுக் காவல் நின்றவர்கள் எத்தனை பேர்? பீனிக்ஸை அடுத்து கறுப்பின மக்கள் வாழும் பம்பாயி, அமாவோட்டி பகுதிக் குடும்பங்கள் எத்தனை? ஒரு தரப்பு முதல் மூன்று பத்திகளிலும் மறு தரப்பு பதினோராம் பத்தியிலும் இருந்தால், செய்தியில் ஒரு பொய்கூட இல்லாமலே சாய்வு வந்துவிடும். பக்கத்தில் இடம் போதாதபோது ஆசிரியர் மேசையில் வழக்கமாக அடியிலிருந்துதான் வெட்டுவார்கள். அப்படி வெட்டும்போது பதினோராம் பத்தி அச்சுக்கே போகாது.

முதலாளி யார் என்று பார்ப்பது நல்லதுதான். அன்றைய அதிபர் ஜுமாவுக்கு நெருக்கமான தொழிலதிபர்களான குப்தா குடும்பம் 2013இல் ஏ.என்.என்.7 தொலைக்காட்சியைத் தொடங்கியபோது அது எந்தப் பக்கம் சாயும் என்பதில் பெரிய மர்மம் இருக்கவில்லை. ஆனால் 2014இல் வரித்துறைக்குள் சட்டவிரோத உளவுப் பிரிவு இயங்கியதாக வரிசையாக எழுதிய சன்டே டைம்ஸ் நல்ல பெயர் வாங்கிய ஏடு. 2016இல் அந்தச் செய்திகளைத் திரும்பப் பெற்றது. பெயர் சொல்லாத ஆட்கள் தந்த தகவலை நம்பினால் இதுதான் ஆபத்து. 'தகவலறிந்த வட்டாரங்கள்' என்று வந்தால், இது வெளியானதில் யாருக்கு லாபம் என்று கேளுங்கள்.

காட்டாமல் விடுவதும் சாய்வுதான். 2016இல் தென்னாப்பிரிக்காவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான எஸ்.ஏ.பி.சி., போராட்டங்களில் பொதுச்சொத்து எரிக்கப்படும் காட்சிகளை ஒளிபரப்ப மாட்டோம் என்றது. அதே ஆண்டு ஜூலையில் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையமான இகாசா அந்த முடிவைத் திரும்பப் பெறச் சொன்னது.

ஒரே நாள், ஒரே சம்பவம், மூன்று ஊடகங்கள்: இந்தச் சோதனைக்குக் கால் மணி நேரம் போதும். தலைப்பு சொல்வதை உள்ளே இருக்கும் செய்தி தாங்குகிறதா, எண்களுக்கு மூலம் உண்டா, குற்றம் சாட்டப்பட்டவரின் பதில் எங்கே என்று பாருங்கள். உங்களுக்குப் பிடித்த ஏட்டில் தொடங்குங்கள். பிடிக்காததில் எல்லாருக்கும் குறை சட்டென்று தெரியும். வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் குரல்பதிவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கு ஆசிரியரும் இல்லை, திருத்தம் போடுபவரும் இல்லை.

எதை வாங்குவது என்று முடிவெடுக்கும்போது, முறையிட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கிறாரா என்பதற்கு நான் அதிக மதிப்பெண் தருவேன். ஏடுகள்மீதான புகார்களை விசாரிக்கும் தென்னாப்பிரிக்கப் பத்திரிகைக் குழுவின் (பிரஸ் கவுன்சில்) உறுப்பு ஏடுகள்மீது, செய்தி வெளியான 20 வேலை நாட்களுக்குள் கட்டணமில்லாமல் புகார் தரலாம். இந்திய வம்சாவளியினருக்கான போஸ்ட் ஏட்டை வெளியிடும் இன்டிபென்டன்ட் நிறுவனம் 2016இல் அந்தக் குழுவிலிருந்து விலகித் தனக்கென ஒரு குறைதீர்ப்பாளரை வைத்துக்கொண்டது. வானொலி, தொலைக்காட்சிப் புகார்களுக்குத் தனி ஆணையம் உண்டு.

"நீங்கள் ஒருதலைப்பட்சம்" என்று எழுதினால் புகார் நிற்காது. தேதி, தலைப்பு, தவறான வாக்கியம், அது மீறும் விதி ஆகிய நான்கையும் குறிப்பிடுங்கள். ஒருவரைக் குறைசொல்லும் செய்தியை வெளியிடுமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்று பத்திரிகை நெறிமுறை சொல்கிறது. கேட்கவில்லை என்றால் அதையே முதல் வரியில் எழுதுங்கள்.