பிளாக்கில் இறுகிய கேலரி பிளக்: குழி கெடுவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

டீசல் இன்ஜினைப் பிரித்து பிளாக்கை போரிங்குக்கு (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க) அனுப்பும்போது பல பட்டறைகளில் விட்டுப்போகிற வேலை, ஆயில் கேலரி பிளக்குகளைக் கழற்றுவது. பிளாக்கின் முன்முகத்திலிருந்து பின்முகம் வரை நீளமாகத் துளைத்த ஆயில் பாதைதான் மெயின் கேலரி. துளைத்த முனைகளை மரை பிளக் போட்டு அடைத்திருப்பார்கள். வருடக்கணக்கான கசடு அந்தப் பிளக்கின் முதுகில்தான் தங்கும். போரிங் தூளும் அங்கேயே போய் ஒட்டும். "கழல மாட்டேங்குது, அப்படியே வாஷ் பண்ணிடு" என்று விட்டால், முதல் ஸ்டார்ட்டிலேயே அவ்வளவும், கிராங்க் ஷாஃப்டைத் தாங்கும் புது மெயின் பேரிங்குக்குப் போய்விடும்.

இது ஏன் இவ்வளவு இறுகுகிறது? பெரும்பாலும் இது பைப் மரை. 16-க்கு 1 என்ற சரிவில் கூம்பாக இருக்கும். ஆப்பு அடித்த மாதிரி உட்கார்ந்துவிடும். அதற்கு மேல் சீலண்ட், அதற்கும் மேல் ஆயிரக்கணக்கான முறை சூடேறி ஆறிய வரலாறு. துருநீக்கி ஸ்பிரேயை ராத்திரி முழுக்க ஊற விடுவதில் பெரிய பலன் கிடையாது. ஆயில் கசியக் கூடாது என்று அடைத்த மரைக்குள் ஸ்பிரே மட்டும் எப்படிப் போகும்? பிளக் கொஞ்சம் அசைந்த பிறகுதான் அது வேலை செய்யும்.

ஸ்பானரைத் தொடும் முன், பிளக் முகம் எவ்வளவு உள்ளே இருக்கிறது என்று வெர்னியரில் அளந்து எழுதி வையுங்கள். திரும்பப் போடும்போது இந்த எண் தேவைப்படும்.

வேலை கெடுவது பெரும்பாலும் ஆலன் கீயில், அதாவது பிளக்கின் குழிக்குள் விட்டுத் திருப்பும் அறுகோணச் சாவியில். அமெரிக்க வடிவமைப்பில் வந்த இன்ஜின்களில் பிளக் இன்ச் அளவில் இருக்கும். கால் இன்ச் என்று பெயரளவில் சொல்லும் பைப் பிளக்கின் (அசல் விட்டம் அதைவிடப் பெரிது) அறுகோணக் குழியும் கால் இன்ச்தான், அதாவது 6.35 மி.மீ. கையில் இருக்கிற 6 மி.மீ. கீ உள்ளே போகும், லேசாக ஆடும், பைப் மாட்டி இழுத்தால் மூலைகளை வழித்துவிடும். 3/8 இன்ச் பிளக்குக்கு 5/16 கீ, 7.94 மி.மீ. அங்கே 8 மி.மீ. கீ தட்டினால்தான் இறங்கும். அப்படி இறுக்கமாக இறங்குவது நல்லதுதான். எந்த அளவானாலும் குழிக்குள் இருக்கும் பெயின்ட், கசடு எல்லாவற்றையும் கூரான கம்பியால் அடி வரை சுரண்டி எடுங்கள். கீ பாதி ஆழத்தில் நின்றால் பாதிப் பிடிதான் இருக்கும். வளைந்த எல் கீ வேண்டாம். சாக்கெட்டில் மாட்டும் பிட் போட்டு, நேராகப் பிடித்துத் திருப்புங்கள்.

முதலில் தட்டை முனையுள்ள பஞ்ச் கருவியை பிளக்கின் மேல் வைத்து சுத்தியலால் ஐந்தாறு நல்ல அடி. துருவின் பிடி உடைய இது உதவும். அதற்கும் அசையாவிட்டால் சூடு.

பிளாக்கையும் சேர்த்துச் சூடாக்கினால் பிளக் தளரும் என்று தப்பான எண்ணம் ஒன்று உண்டு. பிளாக்கின் வார்ப்பிரும்பும் பிளக்கின் எஃகும் ஏறக்குறைய ஒரே அளவில் விரிபவை. பிளாக்கையும் பிளக்கையும் சேர்த்துச் சூடாக்கினால் இரண்டும் சேர்ந்தே விரியும், இடைவெளி வராது. சிறிய நாசில் போட்ட கேஸ் சுடரை பிளக்கின் நடுவில் மட்டும் காட்டி, மங்கலாகச் சிவக்கும் வரை சூடேற்றுங்கள். பிளக் விரியப் பார்க்கும். சுற்றியுள்ள கனத்த இரும்பு விடாது. வழியில்லாமல் எஃகு தனக்குள்ளேயே நசுங்கும். ஆறும்போது அந்த நசுங்கிய அளவுக்குச் சுருங்கி, மரையின் பிடியை விடும். சிவப்பு போய், மெழுகுவர்த்தியைத் தொட்டால் உடனே உருகும் நிலையில் விளிம்பைச் சுற்றி மெழுகைத் தேயுங்கள். உருகிய மெழுகு மரைக்குள் இழுபடும். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள், பிளாக் விரிசல் விடும். நன்றாக ஆறியதும் திருப்பிப் பாருங்கள். அசைந்தால் ஒரே இழுப்பாக இழுக்காமல், கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று கொண்டுவாருங்கள்.

சுடர் காட்டும் முன் இரண்டு எச்சரிக்கை. கேலரியின் மறுமுனை மூடியிருந்தால் உள்ளே தங்கிய ஆயிலும் தண்ணீரும் சூடேறிப் பீறிடும். வேறு ஏதாவது ஒரு வாயைத் திறந்து வையுங்கள். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங்கோ சுடரோ கூடவே கூடாது. பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும்; கொஞ்சம் சுவாசித்தாலே நுரையீரல் போய்விடும்.

குழி ஏற்கெனவே வழிந்துவிட்டதா? பிளக்கின் மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் உள்ளிருந்து வெல்டு நிரப்புங்கள். துத்தநாக முலாம் பூசிய நட் வேண்டாம், புகை உடம்புக்கு ஆகாது. வெல்டின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். முதல் நட் பிய்ந்து வந்தால் இன்னொன்று வையுங்கள். மூன்றாவது நட்டில் கழலும் பிளக்குகள் நிறைய. வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப் பிளக்குக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். கிராங்க் உள்ளே இருக்கும்போது தூரத்தில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போகும்.

ஈஸி அவுட்டை, அதாவது பிளக்கில் துளை போட்டு அதற்குள் இறுக்கித் திருப்பிக் கழற்றும் கருவியை, நான் பரிந்துரைக்க மாட்டேன். கூம்பான அந்தக் கருவி பிளக்கை உள்ளிருந்து விரித்து இன்னும் இறுக்கும். அது உள்ளே உடைந்தால் சாதாரண டிரில் பிட் அதன் மேல் ஏறாது, மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஸ்பார்க் எரோஷன் மெஷினைத்தான் தேட வேண்டும். அதைவிட, நடுவில் சரியாகப் பஞ்ச் குத்தி, படிப்படியாகத் துளையைப் பெரிதாக்குங்கள். கால் இன்ச் அமெரிக்க பைப் மரைக்கு டேப் டிரில் அளவு (மரை வெட்டும் முன் போடும் துளை) 11.1 மி.மீ.; 10 மி.மீ.யில் நிறுத்திவிடுங்கள். மிச்சமிருக்கும் வளையத்தை ஹாக்சா பிளேடால் மரை தெரியும் தறுவாய் வரை அறுத்து, சிறிய உளியால் உள்பக்கமாக மடக்குங்கள். இது பிரித்த பிளாக்குக்கு மட்டும். கிராங்க் உள்ளே இருக்கும் இன்ஜினில் துளைக்கவே கூடாது. டிரில் பிட்டில் கிரீஸ் தடவினால் பிசிறு எல்லாம் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிப் பேரிங்கைப் பலி கொடுக்காதீர்கள்.

அலுமினிய பிளாக் என்றால் கணக்கே வேறு. அலுமினியம் எஃகைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், அதனால் இங்கே பிளாக்கைத்தான் சூடாக்க வேண்டும். ஹீட் கன் போதும். 150 டிகிரியைத் தாண்ட வேண்டாம். சுடர் காட்டினால், சிவக்காமலேயே 660 டிகிரிக்குள் உருகிவிடும் உலோகம் அது.

பிளக் வந்ததும் கேலரி முழுவதும் நீளமான பிரஷ் விட்டு, டீசலில் கழுவி, காற்றடியுங்கள். மரையில் மரை வெட்டும் கருவியான டேப்பை விட்டுச் சுத்தம் செய்த பிறகு மறுபடி ஒரு முறை கழுவுங்கள். புது பிளக்குக்கு டெஃப்லான் நாடா சுற்றாதீர்கள். பிய்ந்த துண்டு, பிஸ்டன் மேல் ஆயில் பீய்ச்சிக் குளிர்விக்கும் கூலிங் ஜெட்டை அடைக்கும். திரவ மரை சீலண்டை, முன்னால் நுழையும் முதல் மரையை விட்டுவிட்டு, இரண்டாவது மரையிலிருந்து தடவுங்கள். கையால் இறுகிய பின் ஒன்றரை முதல் இரண்டு சுற்று போதும். இப்போது முன்பு எழுதி வைத்த ஆழத்தோடு ஒப்பிடுங்கள். அதைவிட உள்ளே போயிருந்தால், பிளக்கின் நுனி குறுக்கே போகும் ஆயில் துளையை மறைத்திருக்கலாம். அந்தத் துளைக்குள் காற்றடித்து மறுபக்கம் வருகிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்; வராவிட்டால் பிளக்கைக் கழற்றுங்கள்.