அஸ்திவாரக் குழியும் அல்லித் தொட்டியும்

கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு தொட்டி கட்டினேன். எட்டடி நீளம், நான்கடி அகலம், உள்ளே வழவழவென்று சிமெண்ட் பூச்சு, நடுவில் அல்லி, கொசு வராமலிருக்க ஒரு டஜன் கப்பி மீன். தவளை தானே வந்து முட்டையிடும், பேத்திக்குத் தலைப்பிரட்டை காட்டலாம் என்பது என் கணக்கு. இரண்டு ஐப்பசி போனதுதான் மிச்சம். தொட்டியில் ஒரு தலைப்பிரட்டை கூட இல்லை.

அந்த இரண்டாவது ஐப்பசியில் பக்கத்து மனையில் அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டிப் போட்டிருந்தார்கள். பெருமழையில் அது நிறைந்துவிட்டது. பால் கம்மியான டீ மாதிரி சேற்றுத் தண்ணீர், ஓரத்தில் ஒரு சிமெண்ட் சாக்கு மிதக்கிறது. ராத்திரி முழுக்கக் கச்சேரி அங்கேதான். விடிந்ததும் போய்ப் பார்த்தால் எலுமிச்சை மஞ்சளில் ஏழெட்டுப் பெருந்தவளைகள், கன்னத்துக்குக் கீழே நீல நிறத்தில் பைகள் புடைக்க, ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டிருந்தன. மற்ற நாட்களில் சேற்றுப் பச்சையில் கிடக்கும் அதே தவளைகள்தான். இனப்பெருக்கக் காலத்தில் ஆண்களுக்கு மட்டும் இந்த மஞ்சள் ஏறுகிறது. என் தொட்டியிலிருந்து அந்தக் குழி முப்பதடி தூரம் கூட இராது.

தவளை ஏன் அழகான தொட்டியை விட்டுவிட்டு அசிங்கமான குழிக்குப் போனது? காரணம், குழியில் மீன் இல்லை. நேற்றுப் பெய்த மழையில் உண்டான தண்ணீரில் மீன் எப்படி இருக்கும்? இன்னும் இரண்டு மூன்று மாதத்தில் வற்றிவிடும் என்பதால் இனியும் மீன் வந்து குடியேறாது. நம் ஊர்த் தவளைகளில் பெரும்பாலானவை இப்படித் தேங்கி வற்றுகிற தண்ணீரை நம்பியே வாழ்கின்றன. தவளை முட்டைக்கு ஓடு கிடையாது. ஜவ்வரிசிக் கஞ்சி போன்ற வழுவழுப்புக்குள் கருப்புப் புள்ளியாகக் கிடக்கும். மீனுக்கு அது இலவச விருந்து.

தவளைக்கு இது தெரியுமா என்று கேட்கலாம். சில தவளைகளுக்குத் தெரிகிறது. வட அமெரிக்காவின் சாம்பல் மரத்தவளைகளுக்கு மீன் உள்ள தண்ணீரும் மீன் இல்லாத தண்ணீரும் அருகருகே வைத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பெண் தவளைகள் மீன் இருந்த தண்ணீரை ஒதுக்கிவிட்டு மற்றதில் முட்டையிட்டன. மீனிலிருந்து தண்ணீரில் கலக்கும் வேதிப்பொருள்களே அவற்றுக்குத் தகவல் சொல்லிவிடுகின்றன. கப்பி சாதுவான மீன்தானே என்று நானும் நினைத்திருந்தேன். ஆனால் அன்று பிறந்த தலைப்பிரட்டை அதன் வாய்க்குச் சரியான அளவு. கொசு ஒழிப்புக்கென்று அமெரிக்காவிலிருந்து உலகமெல்லாம் கொண்டுபோய் விடப்பட்ட கம்பூசியா இன்னும் மோசம். முட்டையையும் தின்னும், பெரிய தலைப்பிரட்டையின் வாலையும் கடித்துக் குதறும்.

சரி, கத்துவது எதற்கு? நுணலும் தன் வாயால் கெடும் என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். கெடுகிறதோ இல்லையோ, வாயைத் திறக்காத ஆணுக்குத் துணை கிடைப்பது கஷ்டம். உண்மையில் துணையைக் கூப்பிடும்போது தவளை வாயைத் திறப்பதே இல்லை. வாயையும் மூக்குத் துளைகளையும் மூடிக்கொண்டு, நுரையீரலில் இருக்கும் காற்றைக் குரல்நாண் வழியே தொண்டைப் பைக்குத் தள்ளுகிறது. பை பலூன் மாதிரி உப்பி ஒலியை வெளியே பரப்புகிறது. அதே காற்று திரும்ப நுரையீரலுக்குப் போகிறது. அதனால்தான் மூச்சு வாங்காமல் மணிக்கணக்கில் கத்த முடிகிறது. ஒவ்வொரு இனத்துக்கும் தனிக் குரல். பெண்ணின் காது தன் இனத்து அலைவரிசைக்குச் சுருதி சேர்த்து வைத்த காது. நமக்கு ஒரே இரைச்சலாகக் கேட்கிற கும்பலில் அது தனக்கு வேண்டிய குரலை மட்டும் பிரித்தெடுத்துப் போய்ச் சேர்கிறது. ஆண் அதன் முதுகில் ஏறி இறுகப் பிடித்துக்கொள்ளும். பெண் முட்டையை வெளியேற்றும்போது ஆண் அதன்மேல் விந்தைச் சொரியும். கருவுறுதல் உடலுக்கு வெளியேதான் நடக்கிறது.

தொட்டிக்கு வருவோம். அடுத்த சித்திரையில் தண்ணீரை முழுக்க இறைத்துக் காயவிட்டேன். கப்பிகளை ஒரு நண்பரின் கண்ணாடித் தொட்டிக்குக் கொடுத்தேன். (வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள். ஒரு தொட்டியின் பிரச்சினை ஊர்ப் பிரச்சினையாகிவிடும்.) ஒரு பக்கம் உடைந்த செங்கல்லையும் கருங்கல்லையும் அடுக்கி, தண்ணீருக்குள்ளிருந்து மேலே ஏறிவரச் சரிவு வைத்தேன். தொட்டியை ஒட்டிச் சேம்பும் கோரையும் நட்டேன். மழை அதை நிரப்பட்டும் என்று விட்டுவிட்டேன். குழாய்த் தண்ணீர் ஊற்றுவதென்றால் பிளீச்சிங் பவுடர் வாசனை போகும்வரை ஓரிரு நாள் வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள். தவளை தோல் வழியாகவே தண்ணீர் குடிக்கிற பிராணி. தண்ணீரில் என்ன கலந்திருந்தாலும் அது உடம்புக்குள் போய்விடும். ரோஜாவுக்கு அடிக்கிற பூச்சிமருந்தும் அப்படித்தான்.

ஐப்பசி மூன்றாவது மழைக்கு ஆள் வந்தது. பெருந்தவளை அல்ல, நாம் குளியலறைச் சுவரில் பார்த்துக் கத்துவோமே, அந்தத் தேரை. பழுப்பு நிற மரத்தவளை. டார்ச் அடித்துப் பார்த்தேன். பெண், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே தொட்டிச் சுவரில் ஒட்டியிருந்தது. முதுகில் அதில் பாதி அளவே இருந்த ஆண். பெண் பிசுபிசுப்பான நீரைச் சுரந்து, பின்னங்கால்கள் இரண்டாலும் மாற்றி மாற்றி அதை அடித்துக்கொண்டிருந்தது. ஆம்லெட்டுக்கு முட்டை அடிப்பது போலவேதான். கொஞ்சம் கொஞ்சமாக நுரை பொங்கியது. முட்டைகள் அந்த நுரைக்குள் போயின. கால்மணி நேரம் நின்றேன், கொசுக்கடி தாங்காமல் உள்ளே வந்துவிட்டேன்.

காலையில் சுவரில் ஒரு கைப்பிடி வெள்ளை நுரை. மதியத்துக்குள் மேல்பக்கம் காய்ந்து பிஸ்கட் நிறத்துக்கு மாறிவிட்டது. உள்ளே ஈரம் அப்படியே இருந்தது. யோசித்துப் பார்த்தால் பிரமாதமான ஏற்பாடு. முட்டை தண்ணீரில் இல்லாததால் நீர்ப்பூச்சிகள் எட்டாது. காய்ந்த மேலோடு இருப்பதால் வெயிலும் உள்ளே போகாது. ஐந்தாம் நாள் தூறலில் அடிப்பக்கம் இளகி, சொட்டுச் சொட்டாக வழிந்தது. ஒவ்வொரு சொட்டிலும் இரண்டு மூன்று தலைப்பிரட்டைகள் தண்ணீரில் விழுந்தன. நுரை சரியாகத் தண்ணீருக்கு மேலே இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும். சேம்பு இலை தொட்டிக்குள் சாய்ந்திருக்கும்படி நடச் சொல்வது இதற்குத்தான்.

சொறித்தவளை வேறு மாதிரி. அதன் முட்டைகள் கருப்பு மணி கோத்த நீளச் சரடாகத் தண்ணீருக்குள் செடிகளைச் சுற்றிக் கிடக்கும். எண்ணினால் ஆயிரக்கணக்கில் வரும். பெருந்தவளை உங்கள் தொட்டிக்கு வந்தால் சந்தோஷப்படுவதா என்பது உங்கள் விருப்பம். அதன் தலைப்பிரட்டை பாசி மேய்வதில்லை, மற்ற தலைப்பிரட்டைகளைப் பிடித்துத் தின்னும்.

மற்றவை பாசியைச் சுரண்டித் தின்றே வளர்கின்றன. சோறு, ரொட்டித் துண்டு எதுவும் போட வேண்டாம், தண்ணீர்தான் நாறும். சில வாரங்கள் வயிறும் வாலுமாக இருந்துவிட்டு, பிறகு திடீரென்று எல்லாம் மாறுகிறது. பின்னங்கால், அப்புறம் முன்னங்கால். பாசி தின்னச் சுருள் சுருளாக நீண்டிருந்த குடல், பூச்சி தின்னத் தோதாகக் குட்டையாகிறது. வால் விழுந்துவிடுவதில்லை. உடம்பே அதைக் கரைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தச் சில நாட்கள் வாய் மாறிக்கொண்டிருப்பதால் சாப்பாடு கிடையாது. வால்தான் கட்டுச்சோறு.

இத்தனைக்கும் உத்தரவு போடுவது தைராய்டு சுரப்பி. 1912 இல் குடெர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டு சுரப்பியைத் தின்னக் கொடுத்தார். அவை வளர்வதற்கு முன்பே மளமளவென்று உருமாறிக் குட்டிக்குட்டித் தவளைகளாகிவிட்டன. இதைவிடச் சுவாரசியமானது தண்ணீர் வற்றும்போது நடப்பது. வட அமெரிக்காவின் வறண்ட பகுதிகளில் வாழும் மண்வெட்டிக்கால் தேரைகளின் தொட்டியில் தண்ணீரைக் குறைத்துக்கொண்டே வந்தால், தலைப்பிரட்டையின் உடலில் நெருக்கடிக் காலத்து ஹார்மோன்கள் ஏறுகின்றன. அவை தைராய்டு வேலையை முடுக்கிவிடுகின்றன. குட்டை காய்வதற்குள் கால் முளைத்துக் கரையேறிவிட வேண்டும் என்ற ஓட்டம் இது. விலையும் உண்டு. அவசரத்தில் உருமாறிய தவளை அளவில் சிறியதாக இருக்கும்.

உருமாறியதும் அது காற்றை மூச்சிழுக்கிற பிராணி. வழுவழுப்பான செங்குத்துச் சுவர் உள்ள தொட்டியில் ஏற இடம் கிடைக்காமல் மூழ்கியே சாகும். மரத்தவளைக்கு விரல் நுனியில் ஒட்டும் வட்டு உண்டு, சமாளித்துக்கொள்ளும். மற்றவற்றுக்குச் சரிவுதான் உயிர். புதிதாகத் தோண்டுகிறவர்கள் சிமெண்டே பூச வேண்டாம். ஒரு பக்கம் முழங்கால் ஆழம், மறுபக்கம் தட்டுப் போலத் தரையோடு முடியும் ஒரு குழி, உள்ளே தார்ப்பாய், அதன்மேல் கொஞ்சம் மண். போதும். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் மேலே கம்பி வலை போடுங்கள்.

இதைச் சொன்னால் எல்லோரும் கேட்பது இரண்டு கேள்விகள். முதலாவது கொசு. மீனை எடுத்துவிட்டால் டெங்கு வராதா? டெங்குக் கொசுவுக்குப் பிடித்த இடம் பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, மூடாத டிரம். உயிரோட்டமுள்ள குட்டையில் தட்டான்பூச்சியின் குஞ்சுகளும் நீந்தும் வண்டுகளும் கொசுப்புழுவைத் தின்கின்றன. 2013 இல் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில இனத் தலைப்பிரட்டைகள் டெங்குக் கொசுவின் முட்டைகளையே தின்பதைக் காட்டினார்கள். ஆனால் புதுக் குழியில் முதல் சில வாரம் இந்தப் படை இருக்காது. தினமும் எட்டிப் பாருங்கள், புழு தெரிந்தால் டீ வடிகட்டியால் அள்ளி மண்ணில் கொட்டுங்கள்.

இரண்டாவது பாம்பு. வரும், பொய் சொல்ல மாட்டேன். பெரும்பாலும் விஷமில்லாத தண்ணீர்ப்பாம்பு. ஆனால் நல்லபாம்புக்கும் தவளை பிடிக்கும். அதனால் குளத்தை வாசலை ஒட்டி வைக்காதீர்கள், பக்கத்தில் விறகோ செங்கல் குவியலோ சேர விடாதீர்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் போகாதீர்கள்.

வேறு குளத்திலிருந்து தலைப்பிரட்டையை அள்ளி வந்து விடலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம். உலகெங்கும் தவளைகளைக் கொன்றுகொண்டிருக்கும் கைட்ரிட் பூஞ்சை தண்ணீரோடும் தவளையோடும் சேர்ந்து பயணிக்கும். முப்பதடிக்குள் கத்துகிற தவளைக்கு வழி தெரியும்.

மார்கழி நடுவில் ஒரு காலை, தூறல் நின்ற நேரம், பேத்தி கூப்பிட்டாள். செங்கல் சரிவில் சுண்டுவிரல் நகம் அளவுத் தவளைகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. சிலவற்றுக்கு இன்னும் வால் கொஞ்சம் பாக்கி. உட்கார்ந்து எண்ணத் தொடங்கினாள். முப்பத்தேழு வரை வந்தாள். அதற்குள் ஒரு மைனா சுவரில் வந்து உட்கார்ந்து, தன் பங்குக்கு எண்ண ஆரம்பித்தது.